முன்பதிவு செய்தவர் நேரில் வரவேண்டும்

என் மனைவி ஆர்லீன் மார்ச் மாதம் இறந்துபோனாள். ஜூலை மாதத்துக்கு அவள் செய்திருந்த முன்பதிவு மட்டும் சாகவில்லை. அதை என் பெயருக்கு மாற்ற முடியாது என்று தெரிந்துகொள்ள ஏழு தடவை போன் போட வேண்டியிருந்தது.

சில்வர்ஹார்ன் தேசியப் பூங்காவில், படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டுவண்டியோடு தங்க இடம் தேடியவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். மலை பொதுமக்களுடையது என்று வாசலில் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மார்மட் ஏரிக்கரையில் அந்தப் பொதுமக்களுக்காக அறுபத்திரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நாளுக்கும் சரியாக ஆறு மாதம் முன்னால், காலை பத்து மணிக்குக் கணினியில் கதவு திறக்கும். நாலு வினாடியில் மூடிக்கொள்ளும். அந்த நாலு வினாடியில் நாடு முழுக்க ஜனங்கள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரே பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஊர்ப் பாதிரியார் இதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை அரைமணி தள்ளிவைத்தார். யாரும் குறை சொல்லவில்லை. பாதிப் பேர் வீட்டில் பொத்தானோடு இருந்தார்கள்.

நானும் ஆர்லீனும் பத்தொன்பது வருஷம் அமுக்கினோம். முதல் மூன்று வருஷம் எங்கள் நெப்ராஸ்கா கடிகாரத்தில் பத்தடிக்கும்வரை பொறுப்பாகக் காத்திருந்தோம். பூங்கா சொன்ன பத்து மணி கிழக்குக் கரையின் பத்து மணி. எங்களுக்கு அது ஒன்பது. மூன்று வருஷமும் மூடிய கதவை ஒரு மணி நேரம் கழித்துப் போய்த் தட்டியிருக்கிறோம்.

அவளுக்கு ஏன் அந்த இடத்தின்மேல் அப்படி ஓர் ஆசை என்றால், ஒரு தடவை முன்பதிவு இல்லாமல் போய், 'நிரம்பிவிட்டது' பலகையைப் பார்த்து, சாலையோரம் வண்டியை நிறுத்தி சாண்ட்விச் தின்றோம். அங்கிருந்து பார்த்தால் நாற்பத்தொன்றாம் எண் இடம் தெரிந்தது. ஒரு பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்து ஏரியில் காலை விட்டுக்கொண்டிருந்தாள். ஆர்லீன் சாண்ட்விச்சைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தாள். "அந்தப் பொம்பளைக்கு என்ன திமிரு பாரேன்" என்றாள். அப்புறம் பத்தொன்பது வருஷம் அந்தத் திமிருக்காக முயற்சி செய்தாள்.

இந்த ஜனவரியில் அது கிடைத்தது. அவள் கத்தவில்லை. "டெல், பேசாத. மூச்சு விடாத. தும்மினாக்கூட போயிடும்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். திரையில் நாற்பத்தொன்று, மூன்று இரவுகள், இரண்டு பேர், ஆர்லீன் நோவாக் என்று பச்சை எழுத்தில் வந்தது. அதை அச்சடித்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

பிப்ரவரியில் முதுகு வலி என்றாள். மருத்துவர்கள் வேறு பெயர் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அவள் தெளிவாகப் பேசிய கடைசி வார்த்தை, "ஜூலைக்கு டயர் மாத்திட்டியா?" என்பது. மாத்தியாச்சு என்று பொய் சொன்னேன். அடக்கம் முடிந்த மறுவாரம் போய் நாலு டயரையும் மாற்றினேன். அவள் ஜெயித்த இடத்தில் மூன்று நாள் இருந்துவிட்டு வரவேண்டும். வேறெதுவும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

முன்பதிவு மையத்தில் ட்ரெவர் என்ற பையன் போனை எடுத்தான். தேனாய்ப் பேசினான்.

"என் மனைவி பேர்ல ஒரு முன்பதிவு இருக்குப்பா. அதை என் பேருக்கு மாத்தணும்."

"தாராளமா மாத்தலாம் சார். அவங்ககிட்ட போனைக் குடுங்க."

"அவ இறந்துட்டா."

"ரொம்ப வருத்தமா இருக்கு சார்." தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "அவங்க எப்ப லைனுக்கு வருவாங்க?"

"அவ செத்துட்டாங்கறேன்."

"புரியுது சார். ஆனா பேர் மாத்தணும்னா முன்பதிவு செஞ்சவங்க வாயாலதான் சொல்லணும். உங்க பாதுகாப்புக்குத்தான் இது. இல்லேன்னா எவன் வேணா போனைப் போட்டு, எம் பொண்டாட்டி போயிட்டானு அழுது இடத்தைப் புடுங்கிக்குவானே?"

"இறப்புச் சான்றிதழ் இருக்கு. அனுப்பட்டுமா?"

"அதைச் சேர்க்க இங்க இடம் இல்ல சார். காரணம்னு ஆறு இருக்கு. காட்டுத்தீ, வெள்ளம், கரடி நடமாட்டம், வண்டிப் பழுது, மனமாற்றம், இதர. இதரனு போட்டா இடம் பொதுவுக்குப் போயிடும். நாலு வினாடி."

"சாவுக்குக் கட்டம் இல்லையா?"

"மனமாற்றத்துல போடச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்துச்சு சார். ஆனா அதுக்கும் அவங்கதான் சொல்லணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி நல்ல பையன். குரலைத் தாழ்த்தி, "சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. எங்க சிஸ்டத்துல அவங்க நல்லாத்தான் இருக்காங்க. அப்படியே விட்டுடுங்க" என்றான்.

அப்படியே விட்டேன்.

அன்றிலிருந்து பூங்கா என் மனைவிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தது. அவளுடைய கைபேசிக்குத்தான் ரகசிய எண்கள் வரும் என்பதால் அதை அணைக்காமல் சமையலறை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஸ்பூன்களுக்கு நடுவே கிடந்து அது உறுமும். 'ஆர்லீன், இன்னும் தொண்ணூறே நாள்!' 'ஆர்லீன், மலை உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறது.' 'ஆர்லீன், நீங்கள் வருவது உறுதிதானே?' கடைசிக் கேள்விக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதில் தராவிட்டால் இடம் போய்விடும். 'ஆம், நான் வருகிறேன்' என்ற பொத்தானை அவளுக்காக நான் அமுக்கினேன். முதல் தடவை அமுக்க அரைமணி ஆயிற்று. ஐந்தாம் தடவை ஸ்பூனை எடுக்கும் வாக்கில் அமுக்கிவிட்டேன். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

மே மாதம் கரடித் தேர்வு வைத்தார்கள். முன்பதிவு செய்தவர் கட்டாயம் தேறவேண்டும். இருபது கேள்விகள். கரடியைக் கண்டால் ஓடுவீர்களா, நிற்பீர்களா, மரத்தில் ஏறுவீர்களா? என்னைக் கேட்டால் ஓடுவேன். ஆனால் எழுதுவது ஆர்லீன் அல்லவா? ஒவ்வொரு கேள்விக்கும் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்து யோசித்து எழுதினேன். இருபதுக்கு இருபது வந்தது. நாற்பது வருஷத்தில் நான் எந்தத் தேர்விலும் அந்த மதிப்பெண் வாங்கியதில்லை. சான்றிதழ் அவள் பெயரில் வந்தது.

ஜூனில் வருகையாளர் விருப்பப் படிவம் வந்தது. 'மலையில் நீங்கள் செய்ய ஆசைப்படுவது என்ன?' ஏரியில் காலை விட்டுக்கொண்டு உட்காரவேண்டும் என்று நிரப்பினேன். மறுநாளே பதில். 'அருமையான தேர்வு, ஆர்லீன்! ஏரியில் பாதம் நனைக்கத் தனி அனுமதி தேவை.' எத்தனை பாதங்கள் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு என்று போட்டு, அதை அழித்து, நாலு என்று போட்டேன்.

பிறகு வண்டியின் நீளம். நாற்பத்தொன்றில் இருபத்தேழு அடி வண்டிதான் நிற்கலாம். அளவுநாடா வைத்துப் படம் எடுத்து அனுப்பவேண்டும். எங்கள் வண்டியின் பின்னால் கூரைக்கு ஏற ஓர் ஏணி உண்டு. அதைச் சேர்த்து இருபத்தேழடி ஐந்து அங்குலம் வந்தது. முப்பத்துநாலு வருஷம் தானியக் கிடங்கில் எடைபோட்டவன் நான். அளவில் பொய் சொல்ல எனக்கு வராது. வெயிலில் படுத்து ஏழு திருகாணிகளைக் கழற்றி ஏணியை எடுத்துவிட்டுப் படம் அனுப்பினேன். ஐந்து அங்குலத்துக்குப் பொய் சொல்லாத அதே மனுஷன்தான் உள்ளே போய், ஆர்லீன் வருகிறாள் என்று இன்னொரு தடவை பொத்தானை அமுக்கினான்.

இரண்டு நாள் பயணம். முதல் நாள் நான் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள், சமவெளி முடிந்து மலை நீலமாக எழும்பும் இடத்தில், "பார்த்தியா, வந்துட்டோம்" என்று பக்கத்து இருக்கையிடம் சொன்னேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. பெட்ரோல் போடும் இடத்தில் இரண்டு காப்பி வாங்கினேன். ஒன்றில் பால் அதிகம்.

முகாம் வாசலில் 'நிரம்பிவிட்டது' பலகை. அதன்முன் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து, பலகையைப் படித்து, வளைந்து திரும்பிப்போயின. ஒரு வண்டியில் நாலு பிள்ளைகள் நீச்சல் உடையோடேயே உட்கார்ந்திருந்தார்கள். சோதனைச் சாவடி பூட்டியிருந்தது. ஆள் பற்றாக்குறை என்று சீட்டு ஒட்டியிருந்தது. நான் ஆர்லீனின் காகிதத்தைக் கண்ணாடியில் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே யாருமே இல்லை.

முதலில் எல்லோரும் மலையேறப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒரு வண்டிகூட இல்லை, ஒரு கூடாரம் இல்லை, கொடியில் ஒரு துண்டு இல்லை. தீ மூட்டும் வளையங்களில் போன வருஷத்துப் பைன் மர ஊசியிலைகள் கிடந்தன. ஒவ்வோர் இடத்திலும் ஒரு கம்பம். கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பெயர்ச்சீட்டு. லிண்ட்க்விஸ்ட், நாலு பேர். ஒகாஃபோர், இரண்டு பேர். பெத்தானி ராஸ்மூசன், ஆறு பேர். நல்ல மத்தியான வெயில். ஏரி அசையாமல் கிடந்தது. ஜூலை மாதத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது.

ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டை போட்ட கிழவர் ஒருவர் தோள்பட்டை குலுங்க நடந்து வந்தார். பெயர் கிளிஃப். முகாம் பொறுப்பாளர். சம்பளம் இல்லாத வேலை. பதிலுக்கு வெயில்காலம் முழுக்கத் தன் வண்டியோடு அங்கேயே தங்கிக்கொள்ளலாம்.

"எல்லாரும் எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் வரவே இல்லையே."

"நிரம்பிடுச்சுனு பலகை வச்சிருக்கீங்க."

"நிரம்பித்தான் இருக்கு. நூறு சதவீதம். ஆளுங்கதான் இல்ல." இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிய முகம். "எதுக்கும் இருக்கட்டும்னு ஆளுக்கு நாலு முகாம்ல போட்டு வைக்கிறாங்க. ரத்து பண்ணினா அபராதம். வராம இருந்தா ஒண்ணும் கிடையாது. அப்ப எவன் ரத்து பண்ணுவான்? தினம் பதினொரு மணிக்கு நான் ஒவ்வொரு கம்பமாப் போய் பேரைக் கூப்பிடணும். ஒரு நிமிஷம் காத்திருக்கணும். பதில் வரலேன்னாலும் இடம் அவங்களுதுதான். விதி."

"வாசல்ல நிக்கறவங்களுக்குக் குடுக்கலாமே?"

"அவங்க பேரு கம்பத்துல இல்லையே" என்றார் கிளிஃப். குத்தலாகச் சொல்கிறாரா என்று பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. "நாற்பத்தொண்ணா? ஆர்லீன் நோவாக். அடையாள அட்டையோட அவங்களை வரச் சொல்லுங்க. நேர்ல பாத்துத்தான் பதிவேட்டுல கையெழுத்து."

"உள்ள தூங்கறா" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. வெட்கமாகக்கூட இல்லை.

கிளிஃப் என் வண்டியைப் பார்த்தார். முன்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு காப்பிக் குவளைகள் நின்றன. ஒன்று காலி. இன்னொன்று விளிம்புவரை ஆறிக்கிடந்தது. அதன்மேல் ஆடை படிந்திருந்தது.

"சரி" என்றார் மெதுவாக. "பொம்பளைங்களை வெல்மாதான் சரிபார்ப்பா. எம் பொண்டாட்டி. வாங்க, அவளையே கேட்டுடுவோம்."

அவர் வண்டியின் வாசலில் இரண்டு மடக்கு நாற்காலிகள். ஒன்றின் முதுகில் ஆரஞ்சுச் சட்டை மாட்டியிருந்தது. 'வெல்மா, முகாம் பொறுப்பாளர்' என்று நெஞ்சில் வில்லை. தோளில் நிறம் வெளுத்துச் சிலந்தி நூலோடியிருந்தது. கிளிஃப் அந்த நாற்காலியின் முன்னால் நின்று, "வெல்மா, நாற்பத்தொண்ணு வந்திருக்காங்க" என்றார். விதிப்படி ஒரு நிமிஷம் காத்திருந்தார். அப்புறம் பதிவேட்டைத் திறந்து, 'முன்பதிவு செய்தவரை நேரில் கண்டேன், அடையாளம் சரி' என்ற வரிக்கு எதிரே, சாய்ந்த அழகான எழுத்தில் வெல்மா என்று போட்டு, முத்திரை குத்தினார்.

நான் பதிவேட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு செத்தவள் இன்னொரு செத்தவளை நேரில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். முத்திரை சரியாக விழுந்திருந்தது.

"புருசன் பொண்டாட்டியா இருந்தாத்தான் இந்தப் பொறுப்பு குடுப்பாங்க" என்றார் கிளிஃப். "ஒண்டி ஆளுனு தெரிஞ்சா மறுநாளே கிளப்பிடுவாங்க. எனக்குப் போக வேற எடம் கிடையாது, டெல். நாலு வருஷமா அவ கையெழுத்த நாந்தான் போடறேன். என்னோடதவிட அவளோடது நல்லா வருது இப்ப."

நாற்பத்தொன்றில் வண்டியை நிறுத்தினேன். இரண்டு நாற்காலிகளை ஏரியோரம் போட்டேன். இரண்டு தட்டில் பீன்ஸும் தொத்திறைச்சியும் வைத்தேன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் சீட்டில் இரண்டு பேர் என்றுதான் இருந்தது. நான்கு மாதமாக அரசாங்கமே அவள் இருப்பதாக எழுதிக்கொண்டிருக்கும்போது நான் ஒருவன் மட்டும் எதற்காக இல்லை இல்லை என்று அடம்பிடிக்க வேண்டும்?

மறுநாள் காலை ஏரியில் காலை விட்டேன். எலும்புவரை குளிர்ந்தது. சாலையோரம் வண்டியை நிறுத்தியிருந்த ஒரு குடும்பம் சாண்ட்விச் தின்றபடி என்னையே பார்த்தது. ஆர்லீனுக்கு இது பிடித்திருக்கும்.

பதினொரு மணிக்கு கிளிஃப் பெயர் கூப்பிட வந்தார். கூடவே நானும் நடந்தேன். "லிண்ட்க்விஸ்ட்!" ஒரு நிமிஷம். அணில் ஓடியது. "ஒகாஃபோர்!" ஒரு நிமிஷம். "ராஸ்மூசன்!" வெயிலில் காலியான மேஜைகளுக்கு நடுவே அந்தப் பெயர்கள் போய்ப் பாறையில் மோதித் திரும்பி வந்தன. யாரும் இல்லாத ஊரில் தேவாலய மணி அடிப்பதுபோல் இருந்தது.

"வந்து சேந்தவங்க பேரையும் கூப்பிடணும்" என்றார். "விதி." நாற்பத்தொன்றின் கம்பத்துக்கு முன்னால் நின்று, "ஆர்லீன் நோவாக்!" என்றார்.

அடக்கத்துக்குப் பிறகு அவள் பெயரை யாரும் முழுசாக, உரக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஊரில் எல்லோரும் என்முன்னால் அதைத் தவிர்த்தார்கள். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அப்போது எங்கள் வண்டியின் வலைக்கதவு திறந்து பட்டென்று மூடிக்கொண்டது.

"காத்து" என்றார் கிளிஃப்.

"காத்துதான்" என்றேன். ஏரியில் ஓர் அலைகூட இல்லை. கிளிஃப் பட்டியலில் 'உள்ளார்' என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் துணைக் கண்காணிப்பாளர் பிரெண்டா ஸ்டாக்டன் வந்தார். தொப்பி, பித்தளை வில்லை, கையில் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். கூடவே புகைப்படம் எடுக்க ஒருவர். கிளிஃப் அவசரமாக வந்து எங்கள் வலைக்கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"ஆர்லீன் நோவாக்கைப் பாராட்ட வந்திருக்கேன்" என்றார் அம்மையார். "இந்தப் பருவத்தோட முன்மாதிரி வருகையாளர் அவங்கதான். எங்க இருக்காங்க?"

"ஓய்வெடுக்கறாங்க மேடம்" என்றார் கிளிஃப்.

"எழுப்பாதீங்க, எழுப்பாதீங்க!" அவர் குரல் நெகிழ்ந்தது. "பாத்தீங்களா? இதைத்தான் நான் சொல்றேன்." எங்கள் இருவரையும் அறுபத்தோரு காலி இடங்களையும் பார்த்து நின்றுகொண்டு அவர் உரையாற்றத் தொடங்கினார்.

"நண்பர்களே, நான் பொறுப்பேத்தப்ப இந்த முகாம் எப்படி இருந்துச்சு? ஒரே ஜனம். குழந்தைங்க கத்தும். புல்லு மிதிபடும். கழிப்பறையில வரிசை. புகார் மேல புகார். இன்னிக்குப் பாருங்க! ஆறு வருஷமா நூறு சதவீதம் நிரம்பியிருக்கு. ஒரு புல்லு மடங்கல. ஒரு புகார் கிடையாது. தலைநகரத்துலேர்ந்து வந்து கத்துக்கிட்டுப் போறாங்க, எப்படி சாதிச்சீங்கனு. நான் சொல்வேன், பொதுமக்கள் மலையை நேசிக்கிறாங்க, அந்த நேசத்தை முன்பதிவோட நிறுத்திக்கப் பழக்கியிருக்கோம்னு. இந்த ஆர்லீனை எடுத்துக்கங்க. கரடித் தேர்வுல முழு மதிப்பெண். கேட்ட கேள்விக்கெல்லாம் பதினாலு நாளுக்குள்ள பதில். முகாம்ல சத்தம் இல்ல, குப்பை இல்ல, தண்ணிச் செலவு பாதி. இருக்கறதே தெரியல! எல்லாரும் இந்தம்மா மாதிரி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்ல. நேர்ல வந்து நிக்கறவங்கதான் எங்களுக்குப் பெரிய சவால்."

புகைப்படக்காரர் கைதட்டினார். பாறை அதைத் திருப்பித் தட்டியது.

அம்மையார் வெல்மாவின் நாற்காலியையும் பார்த்தார். "உங்க மனைவியும் அப்படித்தான் கிளிஃப். இத்தனை வருஷத்துல ஒரு நாள் விடுப்பு கேட்டதில்ல." பிறகு சான்றிதழை என் கையில் கொடுத்து, காலி நாற்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். வாசலில் அப்போதும் வண்டிகள் வந்து திரும்பிக்கொண்டிருந்தன.

அவர் போனபிறகு எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நாற்பத்தோரு வருஷம் என்னோடு இருந்தவள் சத்தம் போடாதவள் அல்ல. சீட்டாட்டத்தில் ஏமாற்றிவிட்டுக் கத்துவாள். பாத்திரத்தைப் பார்த்துப் பாடுவாள். தண்ணீரை வாரி இறைத்துக் குளிப்பாள். நான் பாதுகாத்து இங்கே கொண்டுவந்தது அவளை அல்ல. இவர்களுக்குப் பிடித்த, இருப்பதே தெரியாத யாரோ ஒருத்தியை. பொத்தானை அமுக்கி அமுக்கி நானும் அவளை அப்படியே ஆக்கிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் நண்பகலுக்குள் காலி செய்யவேண்டும். நாற்காலிகளை மடித்தேன். வெளியேறும் படிவத்தோடு கிளிஃப் கம்பத்தடிக்கு வந்தார். அதையும் உரக்கப் படித்து வாயால் பதில் வாங்கவேண்டும்.

"தீ அணைஞ்சுதா?"

"மூட்டவே இல்ல."

"கழிவுநீர்த் தொட்டியைக் காலி பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு."

"முன்பதிவு செஞ்சவர் இடத்தை விட்டுப் போயிட்டாரா?"

மடித்த நாற்காலியை மறுபடி விரித்து மறுபடி மடித்தேன். கிளிஃப் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குமேலும் ஆயிற்று. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"வெல்மா கையெழுத்தைப் போட்டுடுங்களேன்" என்றேன்.

"இந்த ஒண்ணுல மட்டும் அது செல்லாது டெல்." தலைகுனிந்தார். "கையெழுத்துல முடியும்னா, வெல்மா போயிட்டானு நானும் எப்பவோ எழுதியிருப்பேனே."

வலைக்கதவைப் பார்த்தேன். அது அசையவில்லை.

"போயிட்டா" என்றேன்.

"தேதி, நேரம் கேக்குது."

"மார்ச் ஒன்பது. காலையில ஆறு இருபது. நான் காப்பி வாங்க ஆஸ்பத்திரியில கீழ போயிருந்தேன்."

"வந்த தேதிக்கு முன்னாடியே போன மாதிரி ஆகுது. படிவம் ஏத்துக்காது."

"ஏத்துக்க வேண்டாம். எழுதுங்க."

கிளிஃப் குனிந்து, கட்டத்துக்கு வெளியே போனாலும் பரவாயில்லை என்று, காப்பி வாங்கப் போயிருந்ததுவரை எல்லாவற்றையும் எழுதினார்.